கை படாத காய்

"யார் கையும் படாதது" என்று அம்மா சொன்ன விதம் இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னை விடவில்லை. 2020 கோடையில் அம்பத்தூர் வீட்டு மொட்டைமாடியில் காய்கறி போட்டிருந்தோம். கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், ஓரமாக ஒரு சுரைக்கொடி. முதல் கத்தரிக்காய்களைப் பறித்த அன்று அம்மா சித்தியிடம் போனில் பேசும்போது ருசியைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. மருந்தடிக்காதது என்றுகூடச் சொல்லவில்லை. மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் அதுவரை முதலில் சொல்லிவந்த பெருமை அதுதான். யார் கையும் படாதது என்றார். அந்த முனையில் சித்தியும் அதைத்தான் மெச்சியிருக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது வெண்டைக்காய்ப் படம் போட்டால் அதன் கீழும் இதே பேச்சு வேறு வேறு விதமாக வரும். அப்போது எனக்கு அதில் விபரீதமாக எதுவும் படவில்லை. நியாயமான நிம்மதியாகவே தோன்றியது. கொரோனா தணிந்து, முகக்கவசங்கள் மேசை இழுப்பறையில் நாடா இற்றுக் கிடந்த காலத்தில்தான் நெருடத் தொடங்கியது. காயின் உயர்வைக் காயில் தேடாமல், அதைத் தொடாத மனிதர்களை வைத்து அளக்கும் பேச்சு அது. இப்படி அளப்பது நம் ஊருக்குப் புதிதாக இருந்திருந்தால் நானும் நோய்க்காலத்து விசித்திரங்களில் ஒன்றாக அதை மறந்திருப்பேன்.

அந்தக் கோடையில் கைகளுக்கு நாம் எப்படிப் பயந்தோம் என்பதை இன்று சொன்னால் மிகையாகத் தெரியும். வாங்கிய காய் வாசலிலேயே நிற்கும். மஞ்சளும் கல்லுப்பும் போட்ட வெந்நீரில் முங்கி எழுந்து, பழைய வேட்டியில் பரப்பி, காற்றாடியில் உலர்ந்த பிறகுதான் அடுக்களைக்குள் நுழையும். சிலர் தக்காளியைச் சோப்பு நுரையில் தேய்த்தார்கள். காய்கறிக்குச் சோப்பு வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே சொல்லவேண்டி வந்தது. கறிவேப்பிலையை ஒவ்வோர் இலையாகக் கழுவிய வீடு எனக்குத் தெரியும். ஏப்ரல் 26 முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும் முந்தைய நாள் கோயம்பேடு சந்தையில் நின்ற கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த அம்மா, "இதுல ஒருத்தன் தொட்டதுதானே நம்ம வீட்டுக்கு வரும்" என்றார். மே 5ஆம் தேதி சந்தையை மூடினார்கள். மொத்த வியாபாரம் பூந்தமல்லிக்கு அப்பால் திருமழிசைக்குப் போனது. மூட்டை தூக்கியவர்கள் கடலூருக்கும் அரியலூருக்கும் விழுப்புரத்துக்கும் கிடைத்த வண்டியில் ஏறித் திரும்பினார்கள். அவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது. 'கோயம்பேடு கிளஸ்டர்' என்ற பெயருக்குள் அவர்கள் மொத்தமாகப் போய்ச் சேர்ந்தார்கள். சென்னை தின்ற காயை எல்லாம் முதுகில் சுமந்தவர்கள், சொந்த ஊர் எல்லையில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் தனியே படுக்க வைக்கப்பட்டார்கள். எங்கள் தெருவுக்குப் பல வருடங்களாகத் தள்ளுவண்டியில் காய் கொண்டுவரும் அம்மாவுக்கு நாங்களும் முதல் மாடியிலிருந்து கயிறு கட்டிய கூடையை இறக்கினோம். பணத்தைக் கூடையில் போட்டோம், மீதிச் சில்லறையை வேண்டாம் என்றோம். அது தாராளம் இல்லை என்று அவருக்கும் தெரியும். "இன்னாம்மா, இத்தினி வருசமா என் கையால பொறுக்கிப் போட்டதத்தான துன்னீங்க" என்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தபடி கேட்டார். அம்மாவும் சிரித்தார். வழக்கமாகக் கொசுறாகத் தரும் கொத்தமல்லியை அன்று அவர் கூடையில் வைக்கவில்லை.

மண்ணையும் அந்த அச்சம் விடவில்லை. நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் ஏப்ரல் 19 அன்று தொற்றால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைக்கக் கூடாது என்று கூட்டம் கூடியது. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையும் வந்து விழுந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது. நள்ளிரவில் சக மருத்துவர் பிரதீப் குமார் போலீஸ் பாதுகாப்புடன் உடலை அங்கேயே திரும்பக் கொண்டுவந்து, மருத்துவமனை ஊழியர் இருவர் துணையோடு, மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். புதைத்தால் நிலத்தின் வழியாக நோய் பரவும் என்பதுதான் கூடியவர்கள் சொன்ன காரணம். அந்த வாரத்தில்தான் நாங்கள் மாடியில் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தோம். இரண்டையும் அருகருகே வைப்பது எனக்கே கொஞ்சம் நாடகமாகத் தெரிகிறது. ஆனாலும் அந்த நாட்களின் மண் என்று நினைத்தால் இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க முடியவில்லை.

அம்மாவின் ஊர் திண்டிவனம் பக்கம். அங்கே தாத்தா நிலத்தில் வேலை பார்த்த மூதாட்டி ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். ராசியான கை என்று ஊரே சொல்லும். ஆடிப்பட்டத்தில் அவர் ஊன்றிய அவரை, புடலை, பூசணி எதுவும் பொய்த்ததில்லை. விதை எடுத்து வைப்பதும் அவர்தான். சுரை விதையைச் சாம்பலில் புரட்டி, சுரைக் குடுக்கையிலேயே அடைத்துப் பரணில் வைப்பார். அவர் சேரியிலிருந்து வருபவர். என் வயதுப் பிள்ளைகள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம். தாகம் என்று வந்து நின்றால் குனிந்து இரு கையையும் குவிப்பார். அம்மாவைப் பெற்ற ஆத்தா செம்பை உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்றுவார். ஆனால் அவர் பறித்துக் கூடையில் கொண்டுவந்த கத்தரிக்காய் நேரே அடுக்களைக்குப் போகும், கழுவாமல்கூட. ஊர் விதி அப்படி. தானியத்துக்கும் பச்சைக் காய்க்கும் தீட்டு இல்லை. உலையில் ஏறி நெருப்புப் பட்ட பிறகுதான் யார் கை என்ற கேள்வி வரும். சோற்றுக்கும் தண்ணீருக்கும்தான் சட்டம். விதி செய்தவர்கள் விவரமானவர்கள். பச்சைக் காய்க்கும் தீட்டு என்று சொல்லியிருந்தால் அவர்களே ஏர் பிடிக்க வேண்டியிருக்கும். ஆத்தா காலம்வரை இந்த விலக்கு செல்லுபடியானது. 2020இல்தான் பச்சைக் காய் முதன்முறையாகச் சட்டத்துக்குள் வந்தது. நெருப்பு படாத காயும் யார் கையில் இருந்தது என்று கேட்கத் தொடங்கினோம். உயரத்திலிருந்து செம்பைச் சாய்த்த வீட்டில் பிறந்த எனக்கு, முதல் மாடியிலிருந்து கூடையை இறக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதைச் சொன்னபோது ஒரு நண்பர் கோபித்துக்கொண்டார். அரசு மருத்துவமனையில் அந்த இரண்டு ஆண்டுகளும் வேலை பார்த்த மருத்துவர். "வைரஸ் உண்மை, தீட்டு பொய். ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காத. வைரஸுக்கு யார் என்ன சாதின்னு தெரியாது. பயந்தவங்க பொழச்சாங்க" என்றார். மறுக்க முடியவில்லை. கழுவிய கைகள் உயிர்களைக் காத்தன. எட்ட நின்றதும் காத்தது. காயைத் தொட்ட கையால் தொற்று வருவது அரிது என்று பின்னால் தெரிந்தது. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்றுள்ள பரப்பை ஒருமுறை தொட்டால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது. அதற்கு முந்தைய ஆண்டில் நமக்கு அது தெரியாது; தெரியாதபோது பயப்படுவதில் குற்றம் இல்லை. என் குழப்பம் பயத்தைப் பற்றியது அல்ல. பயம் எடுத்துக்கொண்ட வடிவத்தைப் பற்றியது. மளிகைக் கடை முதலாளியிடம் கவுண்டர் ஓரம் நின்று பேசினோம். தூய்மைப் பணியாளர் தெருமுனையில் வந்தாலே கதவைச் சாத்தினோம். இரண்டு பேரும் ஒரே காற்றைத்தான் சுவாசித்தார்கள். நண்பர் இதற்குப் பதில் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

சரி, அந்தக் காய்கள் உண்மையிலேயே யார் கையும் படாதவையா? தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளை ஒன்றை முந்தைய ஆண்டே வாங்கி மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்தோம். பாலிதீன் பைகள், தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், அசோஸ்பைரில்லம், டிரைக்கோடெர்மா விரிடி, விதைப் பொட்டலங்கள். கட்டியைத் தொட்டித் தண்ணீரில் போட்டால் ஓரங்கள் முதலில் பொருமி, பிறகு மொத்தமும் உதிர்ந்து பெருகும். நனைந்த கயிற்றுக்கட்டில் வாசனை வரும். நகக்கண்ணில் ஏறிய பழுப்பு எளிதில் போகாது. இந்த நார்க்கழிவின் பெரும் சந்தை பொள்ளாச்சி. மட்டையிலிருந்து நாரை உரித்த பின் மிஞ்சும் தூளை உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, களத்தில் பரப்பி, வெயிலில் கிண்டிக் காயவைத்து அழுத்துகிறார்கள். களத்தில் நிற்பவர்களில் உள்ளூர்ப் பெண்களும் உண்டு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. தக்காளிக்கும் மிளகாய்க்கும் தளையில் இருந்த விதை போதாதென்று கடையில் வாங்கிய பொட்டலத்தில் வீரிய ஒட்டுரகம் என்று போட்டிருந்தது. விதைகள் மருந்து தோய்ந்து இளஞ்சிவப்பாக இருந்தன. ஒட்டுரக விதையை இயந்திரம் செய்வதில்லை. கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்தில் ராணெபென்னூர் பக்கம் இதுவே பெரிய தொழில். வலைக்குடிலுக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நாளை மலரப்போகும் மொட்டை இன்றே இடுக்கியால் பிரித்து, சூல்முடிக்கு வலிக்காமல் மகரந்தப் பைகளை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். மறுநாள் காலை வேறொரு செடியின் மகரந்தத்தை விரல் நுனியில் எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைக்க வேண்டும். தொட்ட பூ எது என்று தெரியப் புல்லிவட்டத்தில் ஒரு நுனியைக் கத்தரித்துவிடுவார்கள். ஒவ்வொரு பூவுக்கும் இப்படி. ஒரு பொட்டலத்துக்குள் எத்தனை பெண்களின் எத்தனை காலைகள் இருக்கும் என்று எண்ணிப் பார்க்கக் கணக்குப் போதாது. என் பொட்டலம் எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும் வேலை இதுதான். மாட்டுச் சாணத்தைச் சிமெண்ட் சாக்கில் கொண்டுவந்து போட்டவர், கோடையில் லாரித் தண்ணீருக்குக் குழாய் பிடித்தவர் என்று மிச்சமுள்ளவர்களை விட்டுவிடுகிறேன்.

சுரைக்கொடிதான் அந்தத் தோட்டத்திலேயே எனக்கு நெருங்கியது. விதை ஊரிலிருந்து வந்தது, சாம்பல் ஒட்டியிருந்தது. அந்த மூதாட்டி இறந்து பல வருடங்கள் ஆகியும் அவர் எடுத்துவைத்த விதையின் வழியில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். கொடி தண்ணீர்த் தொட்டியின் தூணைப் பிடித்து ஏறியது. முதலில் வந்தவை எல்லாம் ஆண்பூக்கள், நீளக் காம்பில் நின்று வாடி விழுந்தன. பிறகு பெண்பூ வந்தது. இதழுக்குப் பின்னால் மயிர் போர்த்த கட்டைவிரல் அளவுப் பிஞ்சு. பொழுது சாயும் நேரத்தில்தான் சுரைப்பூ வெள்ளையாக விரியும், அந்துப்பூச்சிகளுக்காக. எங்கள் மாடிக்கு அந்துப்பூச்சி வந்ததாகத் தெரியவில்லை. பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்தன. அதனால் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் மூன்று மடல்களிலும் மெல்லத் தேய்க்க வேண்டும். ஈரமாகப் பிசுபிசுக்கும், விரலில் மாவு ஒட்டும். கீழே தெருவில் தொற்று வந்த ஒரு வீட்டை அடைத்துத் தகரம் அடித்துக்கொண்டிருந்த மாலையில் நான் மேலே இதைச் செய்துகொண்டிருந்தேன். சுத்தியல் சத்தம் கேட்டது, பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சொல்லக் கூசினாலும் சொல்லத்தான் வேண்டும்: அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். ஒசூர்ப் பக்கமும் தாளவாடியிலும் வாங்க ஆளில்லாமல் முட்டைக்கோஸ் வயலிலேயே நிற்கிறது, பறித்தால் கூலிகூடத் தேறாது என்று செய்தி வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மலிந்து அழுகிய காய்களுக்கு நடுவே ஒரு சுரைப் பிஞ்சு தங்குமா என்று நான் கவலைப்பட்டேன். தங்கிய பிஞ்சை விரல் நீட்டிக் காட்டாதே, அழுகிவிடும் என்று அம்மா என் மகளை அதட்டுவார். வீட்டுக்கு விலக்கான நாட்களில் பெண்கள் செடி அருகே போகக் கூடாது என்பதும் அம்மாவின் சட்டத்தில் உண்டு. மகள் கேட்கவில்லை. இரண்டையும் மீறினாள். பிஞ்சு அழுகவில்லை, செடியும் கருகவில்லை. அதற்காக அம்மா தன் சட்டத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

சுரையின் குணம், காய்த்தால் மொத்தமாகக் காய்க்கும். கூட்டு, பொரியல், அடை, அல்வா என்று எல்லாம் செய்து பார்த்தும் மிஞ்சியது. எதிர்வீட்டுக்கு இரண்டு கொடுத்தனுப்பினார் அம்மா. இருபது வருடப் பழக்கம். கிருத்திகை, வெள்ளி என்றால் பாயசம் கைமாறும் வீடு. மாடியில் நின்றிருந்த எங்களுக்கு எதிர்வீட்டு வாசல் முழுதாகத் தெரியும். மகள் காயைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிய பிறகு அந்த வீட்டு அக்கா கையுறை போட்டுக்கொண்டு வந்தார். வாசல் குழாயடியில் காயை வைத்து, மஞ்சள்தூளைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். அப்படியும் உள்ளே எடுத்துப் போகவில்லை. வெயில் படும் இடமாகப் பார்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "நம்ம வீட்டுக் காயையா?" என்றார் அம்மா. நாங்களும் அவர்கள் கொடுத்ததை அப்படித்தான் செய்வோம் என்று சொன்னேன். "அது வேற" என்றார். எப்படி வேறு என்று நான் கேட்கவில்லை. அன்று முழுக்க அவர் முகம் சரியாக இல்லை. ராத்திரி தோசை வார்க்கும்போது தனக்குத்தானே சொல்வதுபோல் மறுபடியும், நம்ம கைக்கு என்ன வந்துச்சு என்றார். தள்ளுவண்டி அம்மாவின் கேள்வியை அப்போது அவருக்கு நினைவுபடுத்தியிருக்கலாம். அறுபத்தெட்டு வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வைத்துக்கொண்டு, நாளை இருப்போமா என்று தெரியாமல் தோசை வார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோயம்பேடு அந்த ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி திறந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்து முழு ஊரடங்கில் காய்கறி வண்டிகளை அரசே தெருத்தெருவாக அனுப்பியது. அதற்குள் எங்கள் தோட்டம் பாதியாகிவிட்டது. கத்தரியில் மாவுப்பூச்சி ஏறியது, வேப்பெண்ணெய்க்கும் புளித்த மோருக்கும் அடங்கவில்லை. எனக்கு அலுவலகம் திறந்துவிட்டது. பைகள் வெயிலில் நொறுங்க ஆரம்பித்தபோது தள்ளுவண்டி அம்மா, நல்லதாக இருப்பதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். மாடி ஏறி வந்தார். எங்கள் வீட்டு மாடிக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை என்பது, அவர் படியேறிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தென்னைநாரும் மண்ணுமாக ஏழெட்டுப் பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கொரட்டூரில் அவர் குடியிருக்கும் வீட்டுப் பின்பக்கம், சாக்கடை ஓரத்துச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்து, பொன்னாங்கண்ணியும் அரைக்கீரையும் போட்டிருக்கிறாராம். இப்போது அவர் வண்டியில் தனியாக ஒரு ஈரச்சாக்கில் அந்தக் கீரை வருகிறது, கட்டு இருபது ரூபாய். போன மாதம் அம்மா பேரம் பேசினார்: "பை எங்களுதுதானே, அஞ்சு ரூபா கொறைச்சாத்தான் என்ன?" "தண்ணி ஊத்தறது யாரும்மா?" என்றார் அவர், கீரைக் கட்டை நீட்டியபடி. அம்மா வாங்கிக்கொண்டார். தண்டு முற்றல். அன்று கடைசலுக்கு ஆகாமல், இலையை மட்டும் ஆய்ந்து பருப்பில் போட்டோம்.